கஞ்சா டெஸ்டில் 'காப்பாற்றும்' டீடாக்ஸ் பாட்டில்: லேபில் வேலை பார்ப்பவளின் விமர்சனம்

பெட்டிக்குள் இருந்தவை இவ்வளவுதான். சிவப்புத் திரவம் நிரம்பிய ஒரு பாட்டில், சின்ன டப்பாவில் மாத்திரைகள், 'வெற்றிக் குறிப்புகள்' என்று தலைப்புப் போட்ட ஒரு மடிப்புத்தாள், 'இலவசம்' என்று ஒட்டிய இரண்டு டெஸ்ட் ஸ்ட்ரிப். சிறுநீர் டெஸ்டில் கஞ்சா தெரியாமல் உடம்பைச் 'சுத்தம்' செய்யும் என்பது விளம்பரம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. லேபிளை உரித்துவிட்டால் வேறு பல கம்பெனிகளின் சரக்கும் இதேதான். என் பிழைப்பே சிறுநீர் சாம்பிள்களோடு என்பதால், இதைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷமும் இருந்தது.

வாங்கியது நானில்லை, அக்கா பையன். புது வேலையில் சேருமுன் மருத்துவப் பரிசோதனை, அதில் போதைப்பொருள் டெஸ்டும் உண்டு என்று அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. பல வாரங்களுக்கு முன்னால் நண்பர்கள் கூட்டத்தில் இரண்டு இழுப்பு இழுத்தவன், பயந்துபோய் இதை ஆர்டர் போட்டுவிட்டான். வந்து சேர்ந்த பிறகு குடிக்கத் தைரியம் வரவில்லை. "சித்தி, இதுல விஷம் ஒண்ணும் இல்லையே?" என்று பெட்டியை நீட்டினான். வேலை செய்யுமா என்பதை அதற்கு அப்புறம்தான் கேட்டான். கேள்விகளின் வரிசை சரிதான்.

பாட்டிலைத் திறக்காதே, முதலில் ஸ்ட்ரிப்பைப் போட்டுப் பார் என்றேன். உள்ளே போனவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். "சித்தி, ரெண்டு கோடு வந்திருச்சு!" ஸ்ட்ரிப்பை வாங்கிப் பார்த்தேன். மேல்கோடு அழுத்தமாக, கீழ்க்கோடு லேசாக. "டேய், ரெண்டு கோடுன்னா நெகட்டிவ்டா. போய் உக்காரு" என்றேன். அவன் நம்பாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.

இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. கர்ப்ப டெஸ்டில் இரண்டு கோடு என்றால் 'ஆம்'. இதில் தலைகீழ். கஞ்சா ஸ்ட்ரிப்பில் கீழ்க்கோடு விழும் இடத்தில் கஞ்சாவின் கழிவுப்பொருளை ஏற்கெனவே ஒட்டி வைத்திருப்பார்கள். நிறம் ஏற்றிய ஆன்டிபாடி (அந்தக் கழிவை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம்) சிறுநீரோடு மேலே ஊறி வரும்போது, சிறுநீரில் அந்தக் கழிவு போதுமான அளவு இருந்தால் ஆன்டிபாடியை அதுவே பிடித்துக்கொள்ளும். கோடு போட ஆள் மிஞ்சாது. ஆக, கோடு காணாமல் போனால் பாசிட்டிவ், கோடு தெரிந்தால் நெகட்டிவ். மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். 'மங்கல் கோடு என்றால் கொஞ்சம் இருக்கிறது' என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்கோடும் வரவில்லை என்றால் ஸ்ட்ரிப்பே கெட்டுவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம்.

என் விமர்சனத்தின் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிட்டது. அவன் அந்தச் சிவப்புத் தண்ணீரைத் தொடாமலே நெகட்டிவ். குடித்துவிட்டு டெஸ்டுக்குப் போயிருந்தால் அப்போதும் நெகட்டிவ்தான் வந்திருக்கும், பெயர் பாட்டிலுக்குப் போயிருக்கும். அஞ்சு நட்சத்திரமும் கண்ணீர் மல்க ஒரு நன்றிக் கடிதமும் எழுதியிருப்பான். இந்தப் பொருளுக்குக் குவிந்திருக்கும் பாராட்டுகளைப் படித்தேன். 'எப்போதாவதுதான் புகைப்பேன்', 'நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு', 'ஒரே ஒரு தடவைதான்' என்கிற ஆட்கள்தான் பெரும்பாலும். எப்போதாவது இழுப்பவரின் சிறுநீரில் அது சில நாள்தான் தெரியும். தினமும் இழுப்பவருக்கு வாரக்கணக்கில் நிற்கும், வருஷக்கணக்காகப் பழகியவர்களுக்கு ஒரு மாதம் தாண்டியும் நின்றதுண்டு. முதல் வகை ஆட்களைக் காப்பாற்றியது நாட்காட்டி.

சரி, பாட்டிலுக்கு வருவோம். அவனைக் குடிக்க விடவில்லை. நானே குடித்தேன். எனக்குக் கஞ்சாப் பழக்கம் கிடையாது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை நோயும் இல்லை. டெஸ்டை ஏமாற்றுவதைப் பற்றிக் கவலையில்லாமல், இந்தத் திரவம் சிறுநீரை என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம். இருமல் மருந்தில் பழ எசென்ஸை ஊற்றிய மாதிரி ருசி. தொண்டையில் கொஞ்ச நேரம் பிசுபிசுத்தது. லேபிளில் சர்க்கரை, பி வைட்டமின்கள், சிறுநீரைப் பெருக்கும் மூலிகைச் சாறுகள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், குடித்து முடித்ததும் அதே பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். மருந்து எது என்று இப்போது புரிந்திருக்கும். குழாயைத் திறந்தால் வருவது.

வேலைக்குப் போய் என் சாம்பிளை நானே பார்த்தேன். நிறம் பளீரென்று மஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. அது ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் செய்யும் வேலை. சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்ணீராக இருக்கும் சிறுநீருக்குச் சாயம் பூசினால் சேகரிப்பவரின் கண்ணை ஏய்த்துவிடலாம் என்பது கணக்கு. ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு கெட்டி என்பது, 1.002. தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவான கிரியேட்டினின் பார்த்தால் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே. அமெரிக்க மத்திய அரசின் டெஸ்ட் விதிமுறையில் கிரியேட்டினின் 20-க்குக் கீழும் ஒப்படர்த்தி 1.003-க்குக் கீழும் இருந்தால் அந்தச் சாம்பிள் 'நீர்த்தது' என்று குறிக்கப்படும். கிரியேட்டினின் 2-க்கும் கீழே போய், ஒப்படர்த்தியும் பொருந்தாமல் இருந்தால் அதை மனிதச் சிறுநீராகவே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். 'மாற்றி வைத்தது' என்று எழுதிவிடுவார்கள். பாட்டில் எனக்குச் செய்து கொடுத்தது இதுதான்: ஒரு குற்றமும் செய்யாத என்னைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிட்டது. பெரும்பாலான இடங்களில் 'நீர்த்தது' என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள், இந்த முறை குறைந்த அவகாசத்தில்.

நிறத்தை நம்பி லேப் நடப்பதாக யார் இவர்களுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் மெஷினுக்குக் கண்ணே கிடையாது.

இதன் பின்னால் இருக்கும் 'சுத்தம்' என்கிற எண்ணமே கோணல். கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி கொழுப்பில் கரையும் சாமான். உடம்பின் கொழுப்புத் திசுக்களில் போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். கல்லீரல் அதைக் கார்பாக்ஸி டிஹெச்சி என்கிற கழிவாக மாற்றும், டெஸ்டில் தேடுவது அதைத்தான். டிஹெச்சியின் கழிவுகளை மொத்தமாகப் பார்த்தால் சுமார் 65 சதவீதம் மலத்தோடு போய்விடுகிறது, சிறுநீரில் வருவது 20 சதவீதம்தான். எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டியில் வெறும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் வழிந்து ஓடும், பிசுக்கு அங்கேயே இருக்கும். அதனால்தான் ஒரே ஆளுக்கு இன்றைக்கு நெகட்டிவ் வந்து, எதுவும் புகைக்காமலே நாளைக்குப் பாசிட்டிவ் வருவதும் நடக்கிறது. அன்றன்றைக்குக் குடித்த தண்ணீர்தான் வித்தியாசம். டெஸ்ட் எடுக்கும் மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கும்போது அளவைக் கிரியேட்டினினோடு வகுத்துத்தான் ஒப்பிடுவார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம் என்பது தனி ஆபத்து. மடிப்புத்தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மாத்திரை டப்பாவைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நயாசின், அதாவது பி3. 'கொழுப்பை எரித்து டிஹெச்சியை வெளியேற்றும்' என்று எழுதி, உடம்புக்கு ஒரு நாளில் வேண்டிய சில மில்லிகிராமைப் போலப் பல மடங்கு சாப்பிடச் சொல்கிறார்கள். நயாசின் டிஹெச்சியை வெளியேற்றும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஆளைப் படுக்க வைக்கும் என்பதற்கு உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வாராந்தர அறிக்கையில் 2007-ல் இதையே எழுதியது. போதை டெஸ்டை ஏமாற்ற நயாசினை அள்ளி விழுங்கியவர்கள் மருத்துவமனைகளில் வந்து சேர்ந்த கதை அது. தோல் சிவந்து எரிவது சாதாரணம். அதற்கு மேல் வாந்தி, மயக்கம், கல்லீரல் பாதிப்பு, ரத்தச் சர்க்கரை தாறுமாறாவது என்று போகும். டப்பாவை நேராக குப்பையில் போட்டேன். அக்கா பையனிடம் "ஒண்ணு கூட வாயில வைக்கலைதானே?" என்று ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மூலிகைப் பட்டியலில் கோல்டன்சீல் என்று ஒரு வேர் இருந்தது. இதன் கதை சுவாரசியமானது. அமெரிக்க மருந்தாளர் ஒருவர் 1900-ல் வெளியிட்ட ஒரு நாவலில், ஸ்ட்ரிக்னைன் விஷம் வைத்ததாக ஒரு கொலை வழக்கு வரும். கோல்டன்சீல் கலந்த கசப்பு மருந்தால்தான் விஷத்துக்கான நிறச் சோதனை பொய் சொன்னது என்று கதை திரும்பும். அந்தக் கற்பனைதான் எப்படியோ கிளம்பி, 'இந்த வேர் ரசாயன டெஸ்டைக் குழப்பும்' என்று வாய்வழியாகப் பரவி, கஞ்சா டெஸ்ட் வரை வந்து நிற்கிறது. அந்தக் காலத்து நிறச் சோதனைக்கும் இன்றைக்கு நாங்கள் ஓட்டும் டெஸ்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது.

'வெற்றிக் குறிப்புகள்' தாளில் மற்றவை வழக்கமான சரக்கு. வினிகரும் எலுமிச்சையும் குடித்தால் வயிறு எரியும். சிறுநீரகம் தன் வேலையைத் தன் போக்கில் பார்க்கும். சமையல் சோடாவைக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடித்தவர்கள் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். பிளீச் பற்றி ஒரு வரி இருந்தது. குடிக்க அல்ல, சாம்பிளில் கலக்க என்று விளக்கமும் இருந்தது. பிளீச், நைட்ரைட், குரோமேட் மாதிரிச் சாமான்களைத் தேடுவதற்கென்றே தனி டெஸ்ட் இருக்கிறது. கண்டுபிடித்தால் ரிப்போர்ட்டில் 'கலப்படம்' என்றே வரும், பல இடங்களில் அது பாசிட்டிவை விட மோசமாகப் பார்க்கப்படும்.

டெஸ்டுக்கு முன்னால் ஜிம்முக்குப் போய் வியர்க்க வியர்க்க ஓடு என்பது இன்னொன்று. 2013-ல் ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கஞ்சா புகைப்பவர்களை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிஹெச்சி கொஞ்சம் ஏறியது. ஏற்றம் சின்னதுதான், ஆனால் திசையைக் கவனியுங்கள்.

பக்கத்தில் நின்றவன் புகையால் பாசிட்டிவ் ஆகிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றும் ஒரு யோசனை. காற்றோட்டம் அடைத்த சின்ன அறையில் பலர் விடாமல் புகைக்க, நடுவில் உட்கார வைத்து ஆராய்ச்சி செய்தபோதுதான் புகைக்காதவர்களிடம் அபூர்வமாகப் பாசிட்டிவ் காட்டும் அளவு வந்தது, அதுவும் சீக்கிரம் போய்விட்டது. ஜன்னல் திறந்த அறையில், தெருவில், கச்சேரியில் நின்றதற்கெல்லாம் இந்தச் சாக்கு எடுபடாது. ஷாம்பூ பற்றிய பத்தியைத் தாண்டிவிடுகிறேன், அதை எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று படிக்கும்போதே தெரிந்தது.

தாளின் கடைசியில் அதே கம்பெனியின் செயற்கைச் சிறுநீருக்கு விளம்பரம். சேகரிக்கும் கோப்பையின் பக்கவாட்டில் ஒரு வெப்பப் பட்டை ஒட்டியிருக்கும், நான்கு நிமிடத்துக்குள் 32-லிருந்து 38 டிகிரிக்குள் காட்ட வேண்டும். அதைத் தாண்டினாலும் உள்ளே பார்ப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. 2005-ல் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் ஒரு தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரரின் பையில், காய்ந்த சிறுநீர்ப் பொடியும் அதை ஊற்றுவதற்கான போலி உறுப்பும் அகப்பட்டு உலகமே சிரித்தது. அந்தச் சாதனத்தை விற்ற கம்பெனிக்காரர்கள் 2008-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவு பொய்க்கு நடுவே நிஜமான கவலையும் ஒன்று இருக்கிறது, அதை இந்தப் பெட்டி தொடவே இல்லை. கஞ்சாவைத் தொடாதவருக்கும் பாசிட்டிவ் வரலாம். முதல் காரணம் சிபிடி எண்ணெய், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதை தராத சரக்கு. 'டிஹெச்சி இல்லை' என்று போட்டிருப்பதை நம்ப முடியாது. 2017-ல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்ததில் 18-ல் டிஹெச்சி இருந்தது. இரண்டாவது, சில மருந்துகள். எச்ஐவிக்குத் தரும் எஃபாவிரென்ஸ் சில ஸ்ட்ரிப்புகளையும் மெஷின்களையும் ஏமாற்றும். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் பற்றி இன்னமும் பயப்படுகிறார்கள். அது 80-களின் டெஸ்ட் முறையில் இருந்த கோளாறு, எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கதைகள் இன்னும் சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க விதிப்படி பாசிட்டிவ் என்று சொல்ல அப்போது எல்லைக்கோடு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், 1994-ல் அதை 50 ஆக்கினார்கள். 100 இருந்தபோது தப்பித்தவர் சொன்ன உபாயத்தை இன்றைக்கும் ஒருவர் நம்பிக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படித் தவறாகப் பாசிட்டிவ் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் டெஸ்ட் வெறும் வடிகட்டல் என்பதைத் தெரிந்துகொண்டு, உறுதிப்படுத்தும் டெஸ்டைக் கேளுங்கள். அது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, மூலக்கூறையே அடையாளம் பார்க்கும். எஃபாவிரென்ஸும் கஞ்சாவும் அதில் குழம்பாது. அதன் எல்லைக்கோடு 15 நானோகிராம், 50-ஐ விடக் குறைவு. ஆகவே நிஜமாகவே புகைத்தவர்கள் இதைக் கேட்டு வாங்கிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையில் வைத்திருங்கள், முடிவைப் பரிசீலிக்கும் மருத்துவர் கேட்கும்போது காட்டலாம். சிபிடி எண்ணெய் விஷயத்தில் மட்டும் இந்த வழி உதவாது. உள்ளே இருப்பது நிஜ டிஹெச்சி, மெஷின் நிஜத்தைத்தான் சொல்லும். டெஸ்ட் வரப்போகிறது என்றால் அந்தச் சீசாவை மூடி வைத்துவிடுங்கள்.

கடைசியாக 'பணம் திரும்பக் கிடைக்கும்' உத்தரவாதம். நிபந்தனையைப் படித்தேன். பெயர் போட்ட லேப் ரிப்போர்ட்டின் நகல், எப்போது எவ்வளவு புகைத்தீர்கள் என்கிற விவரம், கையெழுத்து, காலி பாட்டில் எல்லாம் அனுப்ப வேண்டும். வேலை போன கடுப்பில் இருக்கும் ஒருவர், தான் கஞ்சா புகைத்ததையும் டெஸ்டை ஏமாற்ற முயன்றதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முன்பின் தெரியாத கம்பெனிக்கு அனுப்புவாராம். யார் அனுப்புவார்கள்? அதனால்தான் துணிந்து உத்தரவாதம் தருகிறார்கள். நட்சத்திர மதிப்பீடும் அப்படித்தான். மாட்டியவர்கள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள், நெகட்டிவ் வந்தவர்கள் மட்டும் வந்து எழுதுகிறார்கள்.

மதிப்பெண்: பாட்டிலுக்கு ஒன்று, அதுவும் பூஜ்யம் போட இடம் இல்லாததால். மாத்திரைக்கு எதுவும் கிடையாது. யாராவது புகார் செய்து விற்பனையை நிறுத்தினால் மகிழ்ச்சி. மடிப்புத்தாளுக்கு, அந்த நாவல் கதையை ஞாபகப்படுத்தியதற்காக அரை. இலவசமாக வந்த ஸ்ட்ரிப்புக்கு நான்கு. பெட்டியில் உருப்படியான பொருள் அதுதான், மருந்துக் கடைகளில் அது தனியாகவே கிடைக்கும். காலாவதித் தேதியைக் கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில் அச்சடித்ததற்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். வாங்குபவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தேதியைப் பார்த்துவிட்டு வாங்கவும்.